மூன்று கம்ப்யூட்டரும் ஒரு முகூர்த்தமும்

சிவகாசி,
8.11.2008

அன்பும் மரியாதையும் நிறைந்த மாப்பிள்ளை தருண்குமார் அவர்களுக்கு, மாமன் சங்கரபாண்டியன் எழுதிக்கொள்வது. பெங்களூரில் தங்கள் தேக சுகத்துக்கும், தங்கள் கம்பெனியின் சுகத்துக்கும், தாங்கள் இரவு பகலாகக் காவல் காக்கும் அத்தனை கம்ப்யூட்டர்களின் சுகத்துக்கும் மாரியம்மன் துணையிருப்பாள். இங்கே நானும் உங்கள் அத்தை பேச்சியம்மாளும் யோகேஸ்வரியும் சௌக்கியமாக இருந்தோம், தீபாவளி கழிந்த மூன்றாம் நாள் மத்தியானம் வரைக்கும்.

நேற்றுவரை ‘ஏலே தருணு’ என்று கூப்பிட்ட அக்கா மகனுக்கு இப்படி எழுதுவது என் கைக்கு வரவில்லை. ஆனால் தாம்பூலம் மாற்றிய பிறகு மரியாதை குறையக்கூடாது என்று உங்கள் அத்தை உத்தரவு. இடையில் எங்காவது ‘நீ’ என்று வந்துவிட்டால், கோபத்தில் வந்தது என்று நினைக்காமல் பழக்கத்தில் வந்தது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். கோபமும் இருக்கிறது, அது வேறு. போனில் சொல்லலாமே என்பீர்கள். இரண்டு நாளாக அடித்துப் பார்த்துவிட்டேன். ஆபீஸ் நண்பர்களோடு குடகு மலை ஏறப் போயிருப்பதாகவும், அங்கே டவர் கிடையாது என்றும், திங்கள்கிழமைதான் திரும்புவீர்கள் என்றும் யோகேஸ்வரி சொன்னாள். அவளுக்கு மட்டும் எப்படித் தெரிந்தது என்று நான் கேட்கவில்லை. கல்யாணத்தை ஒரு மாதத்தில் வைத்துக்கொண்டு மலையேறுகிறவருக்குக் கால் சுளுக்காமல் இருக்கட்டும்.

மஹால் கதை தாங்கள் ஆரம்பித்து வைத்த கதைதான். இருந்தாலும் எது யார் சொல்லி நடந்தது என்று வரிசையாக எழுதினால்தான் எனக்கு மனசு ஆறும். நம் சங்கத்துத் திருமண மஹாலுக்கு நான் செயலாளர் ஆனபோது, நாள் கேட்டு வருகிறவர்கள் வாட்ச்மேன் சின்னச்சாமியிடம் கேட்பார்கள். அவன் ஆளை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்துவிட்டு, விரலை மடக்கி எண்ணி, ‘அன்னைக்கு இருக்கு’ அல்லது ‘அன்னைக்கு இல்ல’ என்பான். அவ்வளவுதான் நடைமுறை. பங்குனிப் பொங்கலுக்கு வந்திருந்த நீங்கள் அதைப் பார்த்துச் சிரித்தீர்கள். இரண்டே நாளில் மஹாலுக்கு ஒரு வெப்சைட் செய்து, ஆபீஸ் மூலையில் ஒரு கம்ப்யூட்டரை உட்கார வைத்து, எந்த முகூர்த்தம் காலி, எது காலி இல்லை என்று இனி உலகமே பார்க்கலாம், இருந்த இடத்தில் இருந்தே பதியலாம் என்றீர்கள். உலகம் பார்த்துவிட்டது மாப்பிள்ளை, அதுதான் பிரச்சினை. ஆவணி முகூர்த்தங்களுக்குப் பதிவு திறந்த அன்றைக்கு, சிவகாசியில் பொண்ணு வைத்திருப்பவர், சென்னையில் பையன் வைத்திருப்பவர், பம்பாயில் பட்டாசு ஏஜென்சி வைத்திருப்பவர் எல்லாரும் ஒரே நேரத்தில் உள்ளே நுழைய, கம்ப்யூட்டர் மூச்சு முட்டி நின்றுவிட்டது. சின்னச்சாமி பயந்துபோய் அதற்குப் பனை விசிறியால் வீசிக்கொண்டிருந்தான்.

போனில் உங்களைப் பிடித்தேன். “ஆயிரம் பேரு வந்து ஒரே கேள்வியத்தான் கேக்காங்க மாமா. ஒவ்வொரு தடவையும் மெஷின் உள்ள போயித் தேட வேண்டாம். ஒரு தடவ எடுத்த பதில வாசல்லயே வச்சுக் குடுத்துருவோம். இதுக்குப் பேரு கேச்” என்றீர்கள். எனக்குச் சட்டென்று பிடிபட்டது. தீபாவளிக்குப் பட்டாசுக் கடை போடுகிறபோது, கம்பி மத்தாப்புக் கேட்டு வருகிற ஒவ்வொருவருக்காகவும் குடோனுக்கா ஓடுகிறோம்? கடை முன்னாலேயே அடுக்கி வைத்துவிட மாட்டோமா? அதுதான் இது. “ஆனா வாசல்ல வச்ச பதில் பழசாயிரும் மாமா. எம்புட்டு நேரத்துக்கு ஒரு தடவ மாத்தட்டும்?” என்றும் கேட்டீர்கள். “நாளைக்கு ஒரு தடவ மாத்துனாப் போதும். நாம என்ன பால் வியாபாரமா பண்ணுதோம்?” என்று நான்தான் சொன்னேன். ரொம்ப நேரம் மாமா, ரொம்ப நேரம் மாமா என்று நீங்கள் சொல்லிக்கொண்டே இருந்தீர்கள். செயலாளர் சொன்னதே நின்றது.

அதன் பலன் வெம்பக்கோட்டை முத்துராமலிங்கம் ரூபத்தில் வந்தது. ஒரு முகூர்த்தம் காலையிலேயே பதிவாகிவிட்டது. வாசலில் வைத்த பதிலோ சாயங்காலம் வரை ‘காலி’ என்றே சொல்லிக்கொண்டிருந்தது. மனுஷர் அதைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு, சொந்தக்காரர்களை ஒரு வேனில் ஏற்றிக்கொண்டு, தாம்பூலத் தட்டோடு மஹாலுக்கே வந்து இறங்கிவிட்டார். “காலின்னு எழுதியிருக்கதும் நீங்கதான், இல்லைன்னு சொல்லுததும் நீங்கதான். நான் யார நம்பட்டும் செயலாளரே, ஒங்களையா, ஒங்க மெஷினையா?” என்று நடு ஹாலில் நின்று கேட்டார். வேன் கூட்டம் மொத்தத்துக்கும் பரோட்டா வாங்கிக் கொடுத்து அனுப்பி வைத்தேன். அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.

அடுத்தது ரெப்ளிகா. ஒரு கம்ப்யூட்டர் போதாது, அதே மாதிரி இன்னும் இரண்டு வேண்டும், எல்லாவற்றிலும் ஒரே விவரம் இருக்க வேண்டும், ஒன்று படுத்தாலும் மற்றது எழுந்து நிற்கும் என்றீர்கள். இந்த ஊர்க்காரனுக்கு இதையெல்லாம் விளக்க வேண்டியதே இல்லை. மருந்து முழுவதையும் ஒரே அறையில் வைக்கிற பட்டாசு ஆலை உண்டா? தனித்தனி அறை, நடுவில் இடைவெளி, ஒன்றுக்கு ஏதாவது ஆனாலும் மற்றது நிற்க வேண்டும். கமிட்டியில் நான் எழுந்து இதைப் பேசியபோது நல்ல கைதட்டல். விருதுநகரில் நம் கமிட்டி உறுப்பினர் ஜெயச்சந்திரனின் பிரௌசிங் சென்டரில் ஒன்று, எம். புதுப்பட்டியில் குருவம்மாளின் ஜெராக்ஸ் கடையில் ஒன்று, சிவகாசி மஹாலில் ஒன்று என்று முடிவாயிற்று. சிவகாசியும் புதுப்பட்டியும் விருதுநகர் வழியாகத்தான் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் என்று அமைத்தீர்கள். அதுவரைக்கும் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது.

“பதியிறது ஒரு எடத்துல மட்டும் இருக்கட்டும் மாமா. சிவகாசி தல. மத்த ரெண்டும் அதப் பாத்துக் காப்பி எடுத்துக்கிடும். அப்பத்தான் கொழப்பம் வராது” என்று நீங்கள் சொன்னதை நான் கமிட்டியில் அப்படியே சொன்னேன். ஜெயச்சந்திரன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டார். “சிவகாசி தலையா? அப்ப விருதுநகர் என்ன வாலா? ஜில்லாவுக்கே தலைநகர் நாங்கதானய்யா! கலெக்டர் ஆபீசு எங்ககிட்ட இருக்கு, காப்பி எடுக்குற வேல மட்டும் எங்களுக்கா?” என்றார். சங்கம் இரண்டாக உடைந்துவிடும் போல இருந்தது. ஒரு கம்ப்யூட்டருக்காக ஊரைப் பிரித்தவன் என்ற பெயர் எனக்கு எதற்கு? மூன்றுமே தலை, மூன்றிலும் பதியலாம் என்று அறிவித்துவிட்டேன். நீங்கள் போனில் பெருமூச்சு விட்டது எனக்கு இங்கே கேட்டது. பிறகு ஒரு கேள்வி கேட்டீர்கள்: “லைன் அறுந்துட்டா ஒண்ணுக்கொண்ணு பேச முடியாது மாமா. அந்த நேரத்துல வாற பார்ட்டிய நிப்பாட்டி வைக்கணுமா, இல்ல அங்கங்க பதிஞ்சுக்கிட்டுப் பெறகு ஒத்துப் பாத்துக்கிடவா?” வந்த பார்ட்டியை வாசலில் நிறுத்துகிற பழக்கம் நம் வம்சத்தில் எங்கேயாவது உண்டா? பதியட்டும் என்றேன். ரெண்டு பேரு ஒரே நாளப் பதிஞ்சுட்டா என்றீர்கள். மொதல்ல பதிஞ்சவனுக்குத்தான், இதுல என்ன யோசனை என்று தீர்ப்பும் சொன்னேன். நான் சொன்ன அந்தத் தீர்ப்பைத்தான் நீங்கள் மெஷினுக்குள் எழுதி வைத்தீர்கள்.

இனி உங்கள் கல்யாணத்துக்கு வருகிறேன். கார்த்திகை இருபத்தைந்து, புதன்கிழமை என்று ஜோசியர் குறித்துக் கொடுத்திருந்தார். தீபாவளிச் சீசன் நடக்கையில் இந்த ஊரில் எவனுக்கும் சொந்த வேலை பார்க்க நேரம் கிடையாது. அதனால் பண்டிகை முடிந்து வந்த வியாழக்கிழமை பதிந்துவிடலாம் என்று சாப்பிட்டுவிட்டு மஹாலுக்குப் போனேன். நாள் காலியாக இருந்தது. பெயரெல்லாம் அடித்து வைத்துவிட்டு, பொத்தானை அமுக்கும் முன் உங்கள் அத்தைக்கு ஒரு வார்த்தை சொல்லலாமென்று போன் செய்தேன். “ராகுகாலம் முடியட்டும், மூணு மணிக்கு மேல அமுக்குங்க. ஒங்களுக்கு எல்லாத்துலயும் அவசரம்” என்றாள். சரியென்று உட்கார்ந்திருந்தேன். செயலாளர் தன் மஹாலில் தன் பொண்ணு கல்யாணத்துக்கு நாள் பதிய என்ன அவசரம்? மூன்று தாண்டியதும் அமுக்கினேன். ‘வாழ்த்துகள், தங்கள் பதிவு ஏற்கப்பட்டது’ என்று வந்தது. சின்னச்சாமிக்கு லட்டு கொடுத்தேன்.

அந்த நேரத்தில் விருதுநகரில் கரண்ட் இல்லை என்பது எனக்கு எப்படித் தெரியும்? இந்த வருஷம் கரண்ட் ஒரு ஊரில் இருக்கும்போது இன்னொரு ஊரில் இருப்பதில்லை. விருதுநகர் படுத்துக்கிடந்ததால் சிவகாசிக்கும் புதுப்பட்டிக்கும் பேச்சுவார்த்தை இல்லை. விளக்கு வைக்கிற நேரத்தில் விருதுநகருக்குக் கரண்ட் வந்து, மூன்று மெஷினும் ஒன்றையொன்று நலம் விசாரித்துக்கொண்டன. அடுத்த நிமிஷம் எனக்கு ஒரு தகவல் வந்தது. தங்கள் பதிவு ரத்து செய்யப்பட்டது. தாங்கள் கேட்ட நாள் தங்களுக்கு முன்பே எம். புதுப்பட்டி வேலுச்சாமி என்பவரால் பதியப்பட்டுள்ளது. அவர் பதிந்த நாள்: 1 ஜனவரி 2002.

மாப்பிள்ளை, நம் மஹாலுக்கு அஸ்திவாரம் தோண்டியதே 2003-ல். இல்லாத கட்டடத்தில், 2008 கார்த்திகைக்கு, ஆறு வருஷத்துக்கு முன்னாலேயே நாள் பிடித்துவிட்டானாம் ஒருவன்! குருவம்மாளுக்குப் போன் போட்டுச் சத்தம் போட்டேன். அந்த அம்மாள் நிதானமாக, “அதுக்கு உள்ள இருக்க பேட்டரி போயி எம்புட்டோ நாளாச்சு அண்ணாச்சி. ஒவ்வொரு தடவ கரண்டு போயி வரயிலயும் ரெண்டாயிரத்து ரெண்டு ஜனவரி ஒண்ணுன்னுதான் காட்டும். எங்களுக்குத் தெனமும் புதுவருசந்தான்” என்றது.

அன்றைக்கே உங்களுக்குப் போன் செய்தேனே, ஞாபகம் இருக்கிறதா? எனக்கு வெட்கமாக இருந்ததால் ‘ஒரு பார்ட்டிக்கு இப்படி ஆகிவிட்டது’ என்றுதான் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நீங்கள் குஷியாகி, “சிஸ்டம் கரெக்டாத்தான் வேல செஞ்சிருக்கு மாமா! ரெண்டு பக்கமும் பதிவாகி, லைன் வந்ததும் ஒத்துப் பாத்து, ஒண்ண ரத்து பண்ணியிருக்கு பாருங்க, சூப்பர்!” என்றீர்கள். கடிகாரம் தப்பாச்சே என்றேன். “அது சின்ன மேட்டர் மாமா, அடுத்த வாட்டி வரயில பாத்துக்கிடலாம். அந்தப் பார்ட்டிக்கு ஒரு சாரி சொல்லிருங்க, பாவம்” என்று வைத்துவிட்டீர்கள். தருணு, அந்தப் பார்ட்டி நீதான்லே! உன் கல்யாணம்தான் ரத்தானது! சொல்லிவிட்டேன், சாரி.

மன்னிக்கவும். பழக்கத்தில் வந்துவிட்டது.

சரி, ரத்தானதை நாமே சரிசெய்துகொள்ளலாம் என்று நினைத்து வீட்டில் சொல்லாமல் இருந்தேன். அங்கேதான் அந்தக் கேச் மறுபடியும் என் கழுத்தைப் பிடித்தது. வாசலில் வைத்த பதில் மறுநாள் முழுக்க ‘கார்த்திகை 25: சங்கரபாண்டியன் இல்லத் திருமணம்’ என்றே காட்டிக்கொண்டிருந்தது. உங்கள் அத்தை நம் அச்சாபீஸ் கம்ப்யூட்டரில் அதைக் கண்குளிரப் பார்த்துவிட்டு, தூத்துக்குடி முதல் கோயம்புத்தூர் வரை அத்தனை சொந்தத்துக்கும் போன் செய்து, “வேணும்னா நீங்களே வெப்சைட்டுல பாருங்க” என்று சொல்லிவிட்டாள். அத்தனை பேரும் பார்த்தார்கள். பிறகு அது மாறிய போது ஒருத்தரும் பார்க்கவில்லை. சமையல்காரருக்கும் நாதஸ்வரத்துக்கும் சொல்லியாகிவிட்டது. அப்புறம்தான் நான் அவளிடம் உண்மையைச் சொன்னேன். அந்தப் பகுதியை எழுதாமல் விடுகிறேன்.

நானும் சும்மா இருக்கவில்லை. சின்னச்சாமியை விட்டுச் சிவகாசி மெஷினில் அந்த வேலுச்சாமியின் பதிவை அழித்தேன். டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் ஆள் திரும்ப உட்கார்ந்திருக்கிறான். விருதுநகரும் புதுப்பட்டியும் ‘உன்னிடம் ஒரு பதிவு குறைகிறதே’ என்று அக்கறையாக எடுத்துக் கொடுத்துவிட்டனவாம். விருதுநகரில் அழித்தால் சிவகாசி கொடுக்கிறது. சிவகாசியில் அழித்தால் புதுப்பட்டி கொடுக்கிறது. இத்தனை ஒற்றுமையை நான் சங்கத்துக் கமிட்டியில்கூடப் பார்த்ததில்லை. கடைசியில் மூன்று இடத்திலும் ஒரே நேரத்தில் அழித்துவிடுவோம் என்று, இந்தக் காதில் ஜெயச்சந்திரன், அந்தக் காதில் குருவம்மாள், எதிரில் சின்னச்சாமி என்று வைத்துக்கொண்டு, “ம்ம், அமுக்குங்க!” என்று கத்தினேன். சின்னச்சாமி அமுக்கினான். ஜெயச்சந்திரன் அமுக்கினார். குருவம்மாள், “அய்யோ அண்ணாச்சி, கரண்டு போயிருச்சே” என்றது. கரண்ட் வந்ததும் புதுப்பட்டியில் இருந்து அந்தப் பதிவு கிளம்பி வந்து மற்ற இரண்டிலும் ஏறி உட்கார்ந்துகொண்டது. எனக்கு அழுகை வராத குறைதான்.

ஆகவே மாப்பிள்ளை, ஊர் அறியாத ஒரு காரியத்தைத் தங்களிடம் கேட்கிறேன். மூன்று மெஷினுக்கும் சேர்த்து ஒரு சாவி மாதிரி தங்கள் கையில் பாஸ்வேர்டு இருக்கிறது. அங்கே உட்கார்ந்தபடியே உள்ளே போய், நம் பதிவின் நாளை 31 டிசம்பர் 2001 என்று மாற்றிவிடுங்கள். வேலுச்சாமிக்கு ஒரு நாள் முன்னால். முதலில் பதிந்தவனுக்குத்தானே மஹால்? மெஷின் தானாகவே அந்த ஆளுக்கு ரத்துத் தகவல் அனுப்பிவிடும், யாரும் யாருடைய முகத்தையும் பார்க்க வேண்டாம். 2001-ல் யோகேஸ்வரி பத்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள் என்பதையெல்லாம் பார்க்க வேண்டியதில்லை. அவன் இல்லாத கட்டடத்தில் நாள் பிடித்தால் நான் பிடிக்கக்கூடாதா? புதுப்பட்டியில் எவனோ ஒரு பட்டாசுத் தொழிலாளி. அவனுக்கு ஊரில் வேறு மண்டபமா இல்லை? எனக்குத்தான் சொந்த மஹாலில் சொந்தப் பொண்ணு கல்யாணம் நடக்கவில்லை என்றால் வெளியே தலைகாட்ட முடியாது. திங்கள்கிழமை வந்ததும் முதல் வேலையாக, பல் துலக்கும் முன்னால் இதைச் செய்துவிடவும்.

அது முடிந்ததும் அந்த இரண்டு ரெப்ளிகாவையும் கேச்சையும் அடியோடு கழற்றிவிடுங்கள். இந்த ஊருக்குச் சின்னச்சாமியின் பத்து விரல் போதும்.

நீங்கள் பதினாறும் பெற்று, டவர் உள்ள ஊர்களில் மட்டும் உலாவி, நீடூழி வாழ வேண்டும். உங்கள் அத்தையின் ஆசி தனி. யோகேஸ்வரி எதுவும் சொல்லச் சொல்லவில்லை, அவள் தனியாகச் சொல்லிக்கொள்வாள்.

இப்படிக்கு,
தங்கள் நலம் நாடும் மாமன்,
சங்கரபாண்டியன்

பின்குறிப்பு: மேலே எழுதியதில் எதையும் செய்யாதே. ஒரு பொத்தானையும் தொடாதே.

நடந்தது இதுதான். கடிதம் தவறிவிடக்கூடாது என்று உன் முறைப்படியே இரண்டு ஜெராக்ஸ் எடுத்தேன். ஒன்றை உன் ரூமுக்கும் ஒன்றை உன் ஆபீசுக்கும் போட்டுக் கூரியர்க்காரனிடம் கொடுத்துவிட்டேன். அசல் கடிதத்தை உன் அம்மாவிடம் கொடுத்துவிடலாமென்று வைத்திருந்தேன். அக்கா நாளைக்குப் பெங்களூர் பஸ் ஏறுகிறாளே, அவள் கையாலேயே உனக்கு வந்துசேரட்டும் என்று நினைத்தேன். கூரியர்க்காரன் தெருமுனை தாண்டியிருக்க மாட்டான், வாசலில் ஆள் சத்தம். ஒரு பெரியவர், ஒரு அம்மாள், கையில் தாம்பூலத் தட்டு. பின்னால் நம் அச்சாபீசில் டி.டி.பி. அடிக்கிற சினேகா நிற்கிறாள். “சார், எங்க அப்பா, அம்மா” என்றாள். வேலுச்சாமி, சோலையம்மாள். எம். புதுப்பட்டி.

எனக்கு உட்காரவும் முடியவில்லை, எழுந்திருக்கவும் முடியவில்லை. வேலுச்சாமி, “நம்ம சினேகா கல்யாணம் மொதலாளி. மாப்பிள்ள புகழேந்தி பட்டாளத்துல இருக்காப்ல. இந்தக் கார்த்திகைக்குத்தான் லீவு குடுத்துருக்காக, இத விட்டா எப்பக் கிடைக்குமோ தெரியாது. நீங்கதான் முன்ன நின்னு நடத்திக் குடுக்கணும்” என்று பத்திரிகையை நீட்டினார். அதில் ‘தலைமை: உயர்திரு சங்கரபாண்டியன்’ என்று தங்க எழுத்தில் போட்டிருக்கிறது. அடியில் நம் அச்சாபீஸ் பெயர். காலண்டர் வேலையும் இந்த மஹால் தலைவலியுமாக இருந்த அன்றைக்கு அந்தப் பெண் புரூஃப் கொண்டுவந்து நீட்ட, நான் படிக்காமலே ஓகே போட்டுக் கொடுத்திருக்கிறேன். என் மகள் கல்யாண நேரத்தில் அதே மேடையில் இன்னொரு கல்யாணத்துக்குத் தலைமை தாங்க ஒப்புக்கொண்டவன் உலகத்திலேயே நான் ஒருவன்தான்.

சோலையம்மாள் வேறு விடவில்லை. “அன்னைக்கிப் புதுப்பட்டியில கரண்டு வாறதும் போறதுமா இருந்துச்சு மொதலாளி. ரெண்டு மணி போல வந்துச்சு. ராகுகாலம் கழியட்டும்டீன்னாக குருவம்மாக்கா. ராகு நாளைக்கும் வருவாரு, கரண்டு வருமா, அமுக்குங்கக்கான்னுட்டேன்” என்று சிரித்தாள். நான் ராகுகாலம் கழியட்டும் என்று பொத்தானுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த நேரம் அது. ஆறு வருஷத்துக்கு முன்னால் இல்லை என்றாலும், ஒரு மணி நேரத்துக்கு முன்னால் அவர்கள்தான் நிஜமாகவே முதலில். கடிகாரம் பொய், தீர்ப்பு சரி.

கிளம்பும்போது வாசற்படியில் நின்று சோலையம்மாள் சொன்னாள்: “எங்க மூத்தவளுக்கும் இந்த மஹாலுக்குத்தான் ஆசப்பட்டோம். மூணு தடவ வந்து கேட்டோம். வாட்ச்மேன் அண்ணன் எங்களப் பாத்துட்டு, அன்னைக்கு இல்ல, அன்னைக்கு இல்லன்னே சொல்லிட்டாரு. இந்த மெஷின் ஆளப் பாக்காதுல்ல மொதலாளி? நாளத்தான பாக்குது? நீங்க நல்லா இருக்கணும்.” எனக்குக் கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. ஆளைப் பார்க்காத ஒரு பொருளை இந்த ஊரில் கொண்டுவந்து வைத்துவிட்டு, அதையும் ஆள் பார்க்க வைக்கச் சொல்லி உனக்கு இத்தனை பக்கம் எழுதியிருக்கிறேன். மூன்று மெஷினும் இருக்கட்டும். வந்து அந்தப் பேட்டரியை மட்டும் மாற்று. கேச்சுக்கு நீ என்ன நேரம் சொல்கிறாயோ அதையே வை.

காபி கொண்டுவந்த யோகேஸ்வரி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றாள். அவர்கள் போனதும், “தை மாசத்துக்கு வேற நாள் பாருங்கப்பா. அத்தான்கிட்ட நான் சொல்லிக்கிடுதேன். இந்தக் கல்யாணத்துக்கு நீங்க தலைம தாங்கப் போகலைன்னா நான் ஒங்ககூடப் பேச மாட்டேன்” என்றாள். உன் அத்தை உள்ளே போய்விட்டாள். அடுப்படியில் பாத்திரங்கள்தான் பேசுகின்றன.

கூரியர் ஆபீசுக்கு ஓடிப் பார்த்தேன். பை மதுரைக்குப் போய்விட்டதாம். அந்த இரண்டு ஜெராக்சிலும் இந்தப் பின்குறிப்பு கிடையாது, உன் போனுக்கோ இன்னும் டவர் இல்லை.

லட்சுமிகாந்தக்கா, நீ இதைப் பிரித்துப் படித்துக்கொண்டிருப்பாய் என்று எனக்குத் தெரியும். ஒட்டின கவரை ஒட்டினபடி நீ எங்கே கொடுத்திருக்கிறாய்? படித்ததும் நல்லதுதான், இதை உன்னிடம் நேரில் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. உன் மகன் கல்யாணம் தை மாதத்துக்குத் தள்ளிப்போகிறது, என்னைத் திட்ட வேண்டியதைத் திரும்பி வந்து திட்டு. இப்போது ஒரே ஒரு காரியம் செய். தருண் பெரியவர்கள் சொன்னால் மறுபேச்சுப் பேசாமல் செய்கிற பிள்ளை. இத்தனை வருஷமாக அது எனக்குப் பெருமையாக இருந்தது, இன்றைக்குத்தான் பயமாக இருக்கிறது. கூரியர் உனக்கு முந்திக்கொண்டால், மாமா எழுதிவிட்டாரே என்று பல் துலக்கும் முன்னால் அந்தப் பெண்ணின் கல்யாணத்தை அழித்துவிடுவான். திங்கள்கிழமை காலையில் பஸ் போய் நின்றதும் பெட்டி, முறுக்கு டின் எதையும் தேடிக்கொண்டு நிற்காதே. அதெல்லாம் பிறகு எடுத்துக்கொள்ளலாம். ஒரு ஆட்டோவைப் பிடித்து நேரே அவன் ரூமுக்கு ஓடு அக்கா.